தில்லியில் எடுபடும் ஆங்கிலம்

மக்களவையின் 543 இடங்களில் தமிழகத்தின் பங்கு 39. மாநிலங்களவையின் 245 இடங்களில் 18. எந்தக் கட்சி வென்றாலும், எந்த அணி ஆட்சிக்கு வந்தாலும், வாக்கெடுப்பு மணி ஒலிக்கும்போது இந்த எண்ணிக்கையை மட்டும் வைத்துக்கொண்டு எதையும் சாதித்துவிட முடியாது. எண்ணிக்கையால் வெல்ல முடியாதவர்கள் வாதத்தால்தான் வெல்ல வேண்டும். அந்த வாதத்தைத் தில்லியின் காதில் விழும்படி சொல்லவும் தெரிந்திருக்க வேண்டும்.

தமிழகத்திலிருந்து வரும் உறுப்பினர்களில் பெரும்பாலோருக்கு தில்லியில் வாதத்தின் மொழி ஆங்கிலமே. ஆனால், ஆங்கிலம் அறிந்திருப்பது வேறு. ஆங்கிலத்தில் பேசி ஒருவரை இணங்கவைப்பது வேறு. கல்லூரிப் பட்டங்கள் பல பெற்றவர்கள் அவையில் மூன்று நிமிடங்களை வீணடித்துவிட்டு அமர்வதும், சிற்றூர்ப் பள்ளியில் படித்து வந்தவர்கள் நான்கே வாக்கியங்களில் அமைச்சரை மடக்கிவிடுவதும் செய்தியாளர் மாடத்தில் இருப்பவர்களுக்குப் பழகிய காட்சிகள். இந்த வேறுபாடு எங்கிருந்து வருகிறது என்பது மொழியைப் பற்றிய கேள்வி மட்டுமல்ல. ஒரு மாநிலத்தின் குரல் தலைநகரில் எடுபடுமா, படாதா என்பதைப் பற்றிய கேள்வியும்கூட.

சட்டம் தந்த இடம்

நாடாளுமன்றத்தில் எந்த மொழியில் பேசுவது என்ற தகராறு நாடாளுமன்றத்தைவிட வயதில் மூத்தது. அரசியல் நிர்ணய சபை 1946 டிசம்பர் 9-ம் தேதி கூடியது. மறுநாளே ஐக்கிய மாகாண உறுப்பினர் ஆர்.வி. துலேகர், ஹிந்துஸ்தானி தெரியாதவர்களுக்கு இந்த நாட்டில் இருக்கவே உரிமையில்லை என்ற பொருளில் பேசி அவையைச் சூடாக்கினார். இரண்டாண்டுகள் கழித்து, 1948 நவம்பரில், சென்னை மாகாணத்திலிருந்து சென்ற டி.டி. கிருஷ்ணமாச்சாரி அதே அவையில் மொழி ஏகாதிபத்தியத்தின் ஆபத்தைச் சுட்டிக்காட்டினார். முழு இந்தியா வேண்டுமா, இந்தி இந்தியா வேண்டுமா என்பதை வடக்கிலுள்ள நண்பர்களே முடிவு செய்துகொள்ளட்டும் என்று அவர் எச்சரித்தது ஆங்கிலத்தில்தான். அவர் கூச்சலிடவில்லை. முடிவெடுக்கும் பொறுப்பை எதிர்த்தரப்பின் தலையில் சுமத்திவிட்டு அமர்ந்தார்.

1949 செப்டம்பர் 14-ம் தேதி எட்டப்பட்ட சமரசத்தின் விளைவாக உருவான பிரிவுகளுள் ஒன்று அரசியல் சாசனத்தின் 120-வது பிரிவு. நாடாளுமன்ற அலுவல்கள் இந்தியிலோ ஆங்கிலத்திலோ நடைபெறும். இவ்விரு மொழிகளிலும் கருத்தைப் போதுமான அளவு வெளிப்படுத்த இயலாத உறுப்பினரைத் தாய்மொழியில் பேச அவைத் தலைவர் அனுமதிக்கலாம் என்கிறது அது. தாய்மொழி இங்கே உரிமையாக அல்லாமல், இயலாமைக்கு வழங்கப்படும் சலுகையாக எழுதப்பட்டிருப்பது கவனிக்கத்தக்கது. 15 ஆண்டுகளுக்குப் பிறகு ஆங்கிலம் அகலும் என்பதும் அப்பிரிவிலேயே இருந்தது. நாடாளுமன்றம் வேறு சட்டம் இயற்றினால் மட்டுமே அது தொடரும் என்ற நிலை.

மசோதாக்களுக்கும் சட்டங்களுக்கும் ஆங்கில வடிவமே அதிகாரபூர்வமானது என்கிறது 348-வது பிரிவு. எனவே எந்த மொழியில் முழங்கினாலும், கடைசியில் திருத்த வேண்டிய வரி ஆங்கிலத்தில்தான் இருக்கிறது. இந்த நெருக்கடி தமிழருக்கு மட்டும் உரியதல்ல. பிகாரிலிருந்தும் உத்தரப் பிரதேசத்திலிருந்தும் வரும் உறுப்பினர் அவையில் இந்தியில் சரளமாகப் பேசலாம். ஒரு பிரிவின் துணைப் பிரிவில் ஒளிந்திருக்கும் நிபந்தனையைப் பிடிக்க அவருக்கும் ஆங்கிலம் தேவைப்படுகிறது.

மேடை வேறு, அவை வேறு

தமிழக அரசியல்வாதிகள் பேச்சைக் கற்றது மேடையில். அங்கே பேச்சு விளிப்பில் தொடங்கும். வந்திருப்போர் அனைவரையும் பெயர் சொல்லி அழைத்து முடிக்கவே சில நிமிடங்களாகும். பிறகு ஒரு வரலாறு, ஒரு கதை, அடுக்குத் தொடர், எதுகை மோனை, கைதட்டலுக்கான இடைவெளி எனப் பேச்சு மெல்ல மெல்ல ஏறிச் சென்று, கடைசியில்தான் கோரிக்கையைத் தொடும். கூட்டம் கலையாமல் இருப்பதே அந்தக் கலையின் வெற்றி.

நாடாளுமன்றத்தில் இந்த வரிசை தலைகீழாகிறது. மாநிலங்களவையின் பூஜ்ய நேரத்தில் ஒருவருக்குக் கிடைப்பது மூன்று நிமிடங்கள். அது முடிந்ததும் ஒலிவாங்கி தானாகவே அணைந்துவிடும். சிறப்புக் கவனக் குறிப்பு 250 சொற்களைத் தாண்டக்கூடாது. மேடை வழக்கப்படி ஏறிக்கொண்டே போகிறவர் உச்சியை அடைவதற்குள் ஒலிவாங்கி அணைந்துவிடும். அவர் கேட்க வந்தது அவைக் குறிப்பில் ஏறாது.

ரயில்வே மேம்பாலம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். எங்கள் ஊர் பழம்பெருமை வாய்ந்தது, கோயில் திருவிழாவுக்கு லட்சக்கணக்கானோர் வருகின்றனர், மக்கள் பல ஆண்டுகளாகத் தவிக்கின்றனர் என்று ஓர் உறுப்பினர் தொடங்கினால், அமைச்சர் அனுதாபத்தோடு தலையசைப்பார். இன்னொருவர், இந்த எண் கொண்ட கடவுப்பாதை, ரயில்வேயின் ‘பிங்க் புக்’கில் இந்த ஆண்டு இடம்பெற்ற பணி, மாநில அரசின் பங்குத் தொகைக்கு ஒப்புதல் கிடைத்துவிட்டது, வரைபடம் இந்த அலுவலகத்தில் இத்தனை மாதமாக நிற்கிறது, அது எந்தத் தேதிக்குள் நகரும் என்று கேட்டால், அமைச்சரின் பின்வரிசையில் அதிகாரிகளுக்கான இடத்திலிருந்து உடனே ஒரு துண்டுச் சீட்டு வரும். இரண்டாமவரின் ஆங்கிலம் முதலாமவரின் ஆங்கிலத்தைவிடச் சிறந்ததாக இருக்க வேண்டிய அவசியமில்லை. மறுக்க முடியாத விவரமும், ஒற்றைக் கோரிக்கையும், பதில் சொல்லியாக வேண்டிய ஒரு தேதியும் அவரிடம் இருந்தன. அவ்வளவே.

இதற்கென ஒரு நடையும் உண்டு. உறுப்பினர் அமைச்சரை நேரடியாக விளிப்பதில்லை. எல்லாப் பேச்சும் அவைத் தலைவரை நோக்கியே. எழுத்துமூலக் கேள்விகள் அனைத்தும் ‘அமைச்சர் தெரிவிக்க அருள்கூர்வாரா’ என்ற பொருள்படும் பழைய ஆங்கில வாசகத்தில் தொடங்கி, அ, ஆ, இ என்று உட்பிரிவுகளாகப் பிரிகின்றன. பணிவான இந்த முகப்புக்குள்தான் கூர்மையை வைக்க வேண்டும். மக்களவையில் ஒரு நாளுக்கு 20 நட்சத்திரக் குறியிட்ட கேள்விகள் பட்டியலிடப்படுகின்றன. அவற்றில் வாய்மொழிப் பதில் பெறுபவை சிலவே. தன் முறை வந்ததும் எழும் உறுப்பினருக்கு இரண்டு துணைக் கேள்விகள் உண்டு. அந்த இரண்டையும் முன்னுரையிலேயே செலவழித்துவிடுவோர் அதிகம்.

ஒரு வினைச்சொல்லுக்காக

இக்கலையில் தமிழகம் பின்தங்கியதாகச் சொல்ல முடியாது. சொல்லப்போனால், இதன் சிறந்த பாடங்கள் சில தமிழகத்தைச் சேர்ந்தவர்கள் நடத்தியவையே.

1962-ல் சி.என். அண்ணாதுரை மாநிலங்களவைக்கு வந்தார். நீதிக்கட்சித் தலைவர்களின் ஆங்கில உரைகளை மேடையிலேயே தமிழாக்கி வந்த பழக்கம் அவருக்கு இளமையிலேயே இருந்தது. பிறருடைய வாதத்தை உடனுக்குடன் மொழிபெயர்ப்பவருக்கு அந்த வாதம் எந்தத் தூணில் நிற்கிறது என்பது தானாகவே விளங்கிவிடும். அவருடைய அவைப் பேச்சுகளைப் படிப்பவர்களுக்கு அந்தப் பயிற்சி தெரியும். தமிழ் மேடையில் அடுக்குமொழியின் அரசராக விளங்கியவர், அவையில் அதைப் பெரும்பாலும் வாசலிலேயே விட்டுவிட்டார்.

1963 மே மாதம் ஆட்சிமொழி மசோதா மாநிலங்களவைக்கு வந்தது. 1965-க்குப் பிறகும் ஆங்கிலம் தொடர வழிசெய்யும் மசோதா அது. அதற்கு நான்காண்டுகள் முன்னர், ஆங்கிலத்தை எட்டாவது அட்டவணையில் சேர்க்கக் கோரி பிராங்க் அந்தோணி கொண்டுவந்த தீர்மானத்தின்போது, இந்தி பேசாத மக்கள் விரும்பும்வரை ஆங்கிலம் நீடிக்கும் என்று நேரு உறுதியளித்திருந்தார். அந்த உறுதிக்குச் சட்ட வடிவம் தருவதே நோக்கம் என்றது அரசு. ஆனால், ஆங்கிலம் ‘தொடரலாம்’ என்ற பொருள் தரும் ‘மே’ என்ற சொல்லே மசோதாவில் இருந்தது. ‘தொடரும்’ என்று கட்டாயப்படுத்தும் ‘ஷல்’ இல்லை. இரண்டும் இங்கே ஒன்றுதான் என்றார் நேரு. ‘தொடரலாம்’ என்பதற்குள் ‘தொடராமலும் போகலாம்’ என்பதும் அடங்கியிருக்கிறது. ஒன்றுதான் என்றால் ஐயத்துக்கு இடமில்லாத சொல்லையே போடுவதில் தயக்கம் ஏன் என்பது அண்ணாதுரை தரப்பின் வாதம்.

மசோதா மாற்றமின்றி நிறைவேறியது. அன்றைய கணக்கில் அது தோல்வி. 1964 மே மாதம் நேரு மறைந்தார்; 1965 ஜனவரியிலும் பிப்ரவரியிலும் தமிழகம் பற்றியெரிந்தது; சி. சுப்பிரமணியமும் ஓ.வி. அளகேசனும் மத்திய அமைச்சரவையிலிருந்து ராஜிநாமா செய்தனர். பிப்ரவரி 11-ம் தேதி பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி வானொலியில் உறுதிமொழிகளை வழங்கினார். 1967 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய திருத்தம், இந்தியை ஆட்சிமொழியாக ஏற்காத மாநிலங்கள் அனைத்தின் சட்டப்பேரவைகளும் தீர்மானம் நிறைவேற்றி, பிறகு நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் ஏற்றால்தான் ஆங்கிலத்தை விலக்க முடியும் என்ற நிலையை உருவாக்கியது. அத்தகைய மாநிலங்களோடு மத்திய அரசு கொள்ளும் கடிதத் தொடர்பு குறித்த வரியில் ‘ஷல்’ என்ற சொல்லே இடம்பெற்றது. நாலரை ஆண்டுகளுக்கு முன் அவையில் சுட்டிக்காட்டப்பட்ட ஓட்டையை அடைக்க உயிர்களும் பலியாக வேண்டியிருந்தது. ஆனால், ஓட்டை எங்கிருக்கிறது என்பதை முதலில் துல்லியமாகச் சொன்னது வாதமே.

தோஹாவில் இரண்டு சொற்கள்

இதே பாடத்தை உலக அரங்கில் நடத்திக் காட்டியவர் முரசொலி மாறன். திரைக்கதை வசனமும் கட்டுரைகளும் எழுதி வளர்ந்த தமிழ் எழுத்தாளரான அவர், 2001 நவம்பரில் கத்தார் தலைநகர் தோஹாவில் நடைபெற்ற உலக வர்த்தக அமைப்பின் அமைச்சர்கள் மாநாட்டுக்கு இந்திய வர்த்தக அமைச்சராகச் சென்றார். முதலீடு, போட்டிக் கொள்கை, அரசுக் கொள்முதலில் வெளிப்படைத்தன்மை, வர்த்தக நடைமுறைகளை எளிதாக்குதல் ஆகிய நான்கு விஷயங்களிலும் பேச்சுவார்த்தையைத் தொடங்கிவிட வேண்டும் என்பதில் வளர்ந்த நாடுகள் முனைப்பாக இருந்தன. ‘சிங்கப்பூர் விவகாரங்கள்’ எனப்பட்ட இவை வளரும் நாடுகளின் கொள்கை உரிமையைப் பறிக்கும் என்றது இந்தியா.

மாநாடு ஒரு நாள் நீட்டிக்கப்பட்டது. பிற நாடுகள் ஒவ்வொன்றாக இறங்கிவந்த நிலையிலும் மாறன் அசையவில்லை. பிரகடனத்தில், அடுத்த மாநாட்டில் ‘வெளிப்படையான கருத்தொற்றுமை’ ஏற்பட்டால்தான் பேச்சுவார்த்தை என்ற பொருள் தரும் இரண்டு ஆங்கிலச் சொற்கள் இடம்பெற்றன. அத்துடன் அவர் நிற்கவில்லை. அச்சொற்களின் பொருள் என்ன, ஒரு நாடு மறுத்தாலும் பேச்சுவார்த்தையைத் தொடங்க முடியாதா என்பதை மாநாட்டின் தலைவரே அவையில் விளக்கிப் பதிவு செய்ய வேண்டும் என்று வலியுறுத்தினார். கத்தார் அமைச்சர் அவ்வாறே விளக்கமளித்த பிறகே இந்தியா இசைந்தது.

2003 செப்டம்பரில் மெக்சிகோவின் கான்கூன் மாநாடு இந்த விவகாரங்களில் உடன்பாடின்றிக் கலைந்தது. அடுத்த ஆண்டு நான்கில் மூன்று கைவிடப்பட்டன. அதைப் பார்க்க மாறன் இல்லை. 2003 நவம்பர் 23-ம் தேதி அவர் காலமானார். சர்வதேச ஒப்பந்தங்களில் உரத்த குரலுக்கு ஆயுள் குறைவு, ஏட்டில் ஏறிய சொல்லுக்கு ஆயுள் அதிகம் என்பதை நன்கு உணர்ந்தவர் அவர்.

தமிழுக்காக ஓர் ஆங்கிலக் கடிதம்

தமிழுக்குச் செம்மொழித் தகுதி கிடைத்த வரலாற்றிலும் ஆங்கில வாதம் ஒன்றுக்கு முக்கிய இடமுண்டு. தமிழறிஞர்களும் இயக்கங்களும் பல பத்தாண்டுகளாக எழுப்பிய கோரிக்கை அது. 2000 ஏப்ரல் 11-ம் தேதி கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தைச் சேர்ந்த தமிழ்ப் பேராசிரியர் ஜார்ஜ் ஹார்ட் எழுதிய சில பக்க அறிக்கை, அக்கோரிக்கைக்குத் தில்லிக்குப் பழக்கமான உருவத்தைத் தந்தது.

அதன் கட்டமைப்பு பயில வேண்டியது. முதலில் தான் யார் என்பதைச் சொல்கிறார்: சம்ஸ்கிருதத்தில் ஹார்வர்டு பல்கலைக்கழக முனைவர் பட்டம் பெற்றவர், லத்தீனும் கிரேக்கமும் கற்றவர். ஆகவே இது தாய்மொழிப் பாசம் அல்ல என்பது சொல்லாமலே நிறுவப்படுகிறது. பிறகு தொன்மை, வடமொழி மரபைச் சாராத தனித்த இலக்கிய மரபு, இலக்கியத் தரம், இந்தியப் பண்பாட்டுக்கான மூல ஊற்றுகளில் ஒன்றாக விளங்குதல் என நான்கு காரணங்கள். ஒவ்வொன்றும் பிற செம்மொழிகளுக்கு எந்த அளவுகோல் பயன்பட்டதோ அதே அளவுகோலால் அளக்கப்படுகிறது. அடுத்து, எதிர்த்தரப்பு கேட்கப்போகும் கேள்வியைத் தானே எழுப்புகிறார்: தமிழுக்குக் கொடுத்தால் பிற மொழிகளும் கேட்குமே? அந்தக் கவலை தேவையற்றது என்று பதிலும் தருகிறார். இவ்வளவு தெளிவான ஒன்றுக்குக் கட்டுரை எழுத வேண்டியிருக்கிறதே என்ற வியப்போடு முடிக்கிறார்.

2004 ஜூனில் குடியரசுத் தலைவர் உரையில் அறிவிப்பு வந்தது; அக்டோபர் 12-ம் தேதி அரசாணை வெளியானது. அரசியல் சூழலும் கூட்டணிக் கணக்கும் இல்லாமல் அது நிகழ்ந்திருக்காது என்பது உண்மை. ஆனால், அரசியல் முடிவெடுக்கத் துணிந்தபோது, கோப்பில் வைப்பதற்குத் தயாரான வாதம் கைவசம் இருந்தது. ஹார்ட்டின் கணிப்பு ஒன்று மட்டும் பொய்த்தது. 2005-ல் சம்ஸ்கிருதம் தொடங்கி, தெலுங்கு, கன்னடம், மலையாளம், ஒடியா என்று வரிசை நீண்டு, 2024 அக்டோபரில் மேலும் ஐந்து மொழிகள் சேர, செம்மொழிகளின் எண்ணிக்கை 11 ஆகிவிட்டது.

வெள்ளிக்கிழமைப் பிற்பகல்

நாடாளுமன்றத்தில் நம்பிக்கையற்ற வேளை எது என்று கேட்டால் வெள்ளிக்கிழமைப் பிற்பகல் என்பார்கள். தனிநபர் மசோதாக்களுக்கான நேரம் அது. பெரும்பாலான உறுப்பினர்கள் அதற்குள் விமான நிலையம் நோக்கிப் புறப்பட்டிருப்பர். சுதந்திரத்துக்குப் பிறகு சட்டமான தனிநபர் மசோதாக்கள் 14 மட்டுமே. கடைசியாக ஒன்று சட்டமானது 1970-ல். நாடாளுமன்ற நடவடிக்கைகளை வெளியிடும் பத்திரிகைகளுக்குப் பாதுகாப்பளித்த பெரோஸ் காந்தியின் 1956-ம் ஆண்டுச் சட்டம் அப்பட்டியலில் ஒன்று.

இந்த வேளையில்தான் 2015 ஏப்ரல் 24-ம் தேதி திருச்சி சிவாவின் திருநர் உரிமைகள் மசோதா மாநிலங்களவையில் நிறைவேறியது. 2014 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் மூன்றாம் பாலினத்தவரின் உரிமைகளை அங்கீகரித்துத் தீர்ப்பளித்திருந்தது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ‘பிறர்’ என்ற பிரிவில் 4.87 லட்சம் பேரைப் பதிவு செய்திருந்தது. தீர்ப்பும் எண்ணும் கையில் இருக்க, சட்டம் இல்லை என்ற இடைவெளியை மட்டும் அவர் அவையின் முன் வைத்தார். அரசே விரிவான சட்டம் கொண்டுவரும், மசோதாவைத் திரும்பப் பெறுங்கள் என்று அமைச்சர் தாவர்சந்த் கெலாட் கேட்டுக்கொண்டார். வழக்கமாகத் தனிநபர் மசோதாக்கள் முடியும் இடம் அதுதான்: நன்றி சொல்லிவிட்டு உறுப்பினர் திரும்பப் பெற்றுக்கொள்வார். சிவா மறுத்தார், அவையின் முடிவைக் கோரினார். எதிர்ப்பவராக அவைக் குறிப்பில் இடம்பெற யாரும் விரும்பவில்லை. குரல் வாக்கெடுப்பில் ஒருமனதாக மசோதா நிறைவேறியது.

மக்களவையில் அது சட்டமாகவில்லை. அரசு 2016-ல் தன் மசோதாவைக் கொண்டுவந்து 2019-ல் சட்டமாக்கியது. சிவாவின் மசோதாவிலிருந்த இடஒதுக்கீடு அச்சட்டத்தில் இடம்பெறவில்லை. இணங்கவைக்கும் கலையின் எல்லையும் இங்கே தெரிகிறது. அரசைச் சட்டம் இயற்ற வைக்கலாம். என்ன சட்டம் என்பதைப் பெரும்பான்மையே தீர்மானிக்கிறது.

பதிலைப் பிடித்து வைத்தல்

கேட்பது பாதிக் கலை. கிடைத்த பதிலைப் பிடித்து வைப்பது மீதி. அமைச்சகங்களின் ஆங்கிலத்துக்குத் தனி அகராதி உண்டு. ‘பரிசீலனையில் உள்ளது’, ‘கவனிக்கிறேன்’, ‘தகவல் திரட்டப்பட்டு வருகிறது, அவையின் மேசையில் வைக்கப்படும்’ என்பன போன்ற தொடர்களைக் கேட்டுப் புதிய உறுப்பினர் ஏமாற்றத்துடன் அமர்ந்துவிடுவார். அனுபவமுள்ளவருக்கு இவை வெற்றுச் சொற்கள் அல்ல. எந்தெந்தத் தொடர்கள் அவைக்கு அளிக்கப்பட்ட உறுதிமொழியாகக் கருதப்படும் என்பதற்குப் பட்டியலே இருக்கிறது. உறுதிமொழி என்று வகைப்படுத்தப்பட்டுவிட்டால் மூன்று மாதங்களுக்குள் நிறைவேற்ற வேண்டும். தவறினால் அரசு உறுதிமொழிகள் குழு விளக்கம் கேட்கும். மக்களவையில் 1953 முதலும் மாநிலங்களவையில் 1972 முதலும் இக்குழுக்கள் உள்ளன. அமைச்சரின் வாயிலிருந்து அந்தப் பட்டியலிலுள்ள ஒரு தொடரை வரவழைப்பதே துணைக் கேள்வியின் நோக்கமாக இருக்க வேண்டும் என்பார்கள் மூத்த உறுப்பினர்கள்.

ஆவணத்தின் ஆங்கிலத்தை இவ்வாறு படித்தவர்களில் முன்வரிசையில் இருந்தவர் இரா. செழியன். 1971 முதல் 1973 வரை பொதுக் கணக்குக் குழுவின் தலைவராக இருந்தவர். தணிக்கை அறிக்கையின் அடிக்குறிப்புகளிலிருந்து வாதத்தைக் கட்டியவர் என்று பெயர் பெற்றவர். அவசரநிலை அத்துமீறல்களை விசாரித்த ஷா கமிஷனின் அறிக்கைப் பிரதிகள் பொதுவெளியில் கிடைக்காமல் போன நிலையில், தன்னிடமிருந்த பிரதியைக் கொண்டு 2010-ல் அதை நூலாக மீண்டும் வெளியிட்டார். காகிதத்தைப் பாதுகாத்து வைப்பவரிடம் பேசி ஏமாற்றுவது கடினம்.

காற்று திசை மாறும்போது

ஆங்கிலம் மட்டுமே அவையை அசைக்கும் என்று சொல்லிவிட முடியாது. 1963 ஆகஸ்டில் ராம் மனோகர் லோகியா இந்தியில் எழுப்பிய ‘மூன்றணா’ விவாதம் இன்றும் பேசப்படுகிறது. நாட்டின் 27 கோடிப் பேர் நாளொன்றுக்கு மூன்றணாவில் வாழ்கின்றனர் என்ற அவரது கணக்கு, நேரு அரசைத் தற்காப்பு நிலைக்குத் தள்ளியது. ஆங்கிலத்தை அகற்றக் கோரிய லோகியாவின் வெற்றியும் கணக்கில்தான் இருந்தது.

இப்போது தாய்மொழியில் பேசவும் வசதி பெருகியிருக்கிறது. 2018 ஜூலை முதல் மாநிலங்களவையில் எட்டாவது அட்டவணையின் 22 மொழிகளிலும் உடனடி மொழிபெயர்ப்பு உண்டு. தமிழ் உள்ளிட்ட மொழிகளுக்கு ஏற்கெனவே வசதியிருந்த மக்களவையில் 2025 பிப்ரவரியில் மேலும் ஆறு மொழிகள் சேர்க்கப்பட்டன. ஆனாலும் முன்கூட்டியே தெரிவித்துவிட்டுத் தமிழில் பேசும் உறுப்பினரின் அடுக்குமொழி, மொழிபெயர்ப்பாளரின் கூண்டைத் தாண்டும்போது தட்டையாகிவிடுகிறது. எண்ணும் தேதியும் மட்டுமே சேதாரமின்றிக் கடக்கின்றன. அமைச்சர்களுக்கோ வேறு நியதி. 2009-ல் மத்திய அமைச்சரான மு.க. அழகிரி கேள்வி நேரத்தில் தமிழில் பதிலளிக்க விரும்பியபோது, ஆங்கிலமோ இந்தியோதான் என்று விதி குறுக்கே நின்றது. குறள் அல்லது சங்கப் பாடலைத் தமிழில் சொல்லி, பொருளை ஆங்கிலத்தில் விரித்து வாதத்தோடு பிணைக்கும் முறையைப் பட்ஜெட் உரைகளில் ப. சிதம்பரமும் நிர்மலா சீதாராமனும் கையாண்டிருக்கின்றனர்.

மறுபுறம், ஆங்கிலத்தில் கேட்டாலும் இந்தியில் பதில் வருகிற போக்கு கவலை தருகிறது. 2020-ல் மத்திய ரிசர்வ் போலீஸ் படைத் தேர்வுக்குத் தமிழகத்திலும் புதுச்சேரியிலும் மையம் கோரி மதுரை எம்.பி. சு. வெங்கடேசன் எழுதிய ஆங்கிலக் கடிதத்துக்கு உள்துறையிலிருந்து இந்தியில் பதில் வந்தது. அவர் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையை அணுகினார். ஆங்கிலத்தில் அனுப்பப்படும் கோரிக்கைக்கு ஆங்கிலத்தில்தான் பதிலளிக்க வேண்டும் என்று 2021 ஆகஸ்டில் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த வழக்கிற்கு அடித்தளமாக இருந்தது ஆட்சிமொழிச் சட்டமே. 1963-ல் ஒரு வினைச்சொல்லுக்காக நடந்த வாதம், 58 ஆண்டுகள் கழித்தும் பயன் தந்துகொண்டிருந்தது.

எங்கே கற்பது?

இத்தனை முக்கியமான கலையை உறுப்பினர் எங்கே கற்பது? புதிய உறுப்பினர்களுக்கு நாடாளுமன்றப் பயிற்சி அமைப்பு அறிமுக வகுப்புகளை நடத்துகிறது. 1976-ல் தொடங்கப்பட்ட அமைப்பு அது. நாடாளுமன்ற நூலகத்தின் ஆய்வுப் பிரிவு, கேட்டால் குறிப்புகளைத் தயாரித்துத் தருகிறது. 2005-ல் தொடங்கப்பட்ட பிஆர்எஸ் ஆய்வு நிறுவனம் மசோதாச் சுருக்கங்களை வெளியிடுகிறது. இளம் பட்டதாரிகளை உறுப்பினர்களுக்கு உதவியாளர்களாக அனுப்பும் திட்டமும் வைத்திருக்கிறது. கேட்பவருக்கு உதவி உண்டு. கேட்கத் தோன்றுவதில்லை என்பதே பிரச்னை.

கட்சிகளின் பொறுப்பு இதில் பெரிது. ஒரு காலத்தில் தமிழகத்தின் அரசியல் இயக்கங்கள் படிப்பகங்களை நடத்தின. பேச்சாளர்கள் அங்கே உருவாயினர். இன்று வேட்பாளர் தேர்வில் சாதிக் கணக்கும் செலவழிக்கும் திறனும் பார்க்கப்படும் அளவுக்கு, ஒரு மசோதாவைப் படித்துத் திருத்தம் எழுதத் தெரியுமா என்பது பார்க்கப்படுவதில்லை. வென்று வந்த பிறகு ஆங்கிலம் பேசத் தயங்குகிற உறுப்பினர் கூச்சத்தால் ஐந்தாண்டுகளும் பின்வரிசையிலேயே இருந்துவிடுகிறார். ஆங்கிலம் நன்றாக வருகிறவரோ, அரை நிமிடக் காணொலியாகத் தொகுதிக்குப் போய்ச் சேரும் ஆவேசத்தோடு திருப்தியடைந்துவிடுகிறார். அமைச்சரை இணங்கவைப்பதற்காகப் பேசுவதும், ஏற்கெனவே இணங்கியிருக்கும் ஆதரவாளர்களுக்காகப் பேசுவதும் இருவேறு தொழில்கள்.

மாநில அரசுக்கும் இது பொருந்தும். முதல்வர்கள் மாறினாலும், பிரதமரிடம் அளிக்கப்படும் மனுக்களில் இருபது, முப்பது கோரிக்கைகளை அடுக்கும் வழக்கம் மாறுவதில்லை. முப்பதைக் கேட்டால் எதை முதலில் மறுப்பது என்ற வசதியை எதிர்த்தரப்புக்குத் தருகிறோம். ஒன்றை, அதற்கான காரணத்தோடும், மறுத்தால் யாருக்கு என்ன இழப்பு என்ற கணக்கோடும், எதிர்பார்க்கும் மறுப்புக்கான பதிலோடும் ஒரே பக்கத்தில் வைப்பது கடினமான வேலை. தில்லியில் பலன் தருவது அதுதான்.

தொகுதி மறுவரையறையால் மக்களவையில் தென் மாநிலங்களின் விகிதம் குறைந்துவிடும் என்ற அச்சத்தில் 2025 மார்ச் 22-ம் தேதி சென்னையில் பல மாநிலத் தலைவர்கள் கூடி விவாதித்தனர். அந்த அச்சம் மெய்ப்படாமல் தடுப்பதற்கே பஞ்சாப், ஒடிசா, வங்கம், கேரளம் ஆகிய மாநிலங்களின் மக்களை நம் வாதம் சென்றடைய வேண்டும். அவர்களோடு பேசும்போது நம்மிடம் இருக்கப்போவது தமிழுமல்ல, இந்தியுமல்ல. மெய்ப்பட்டுவிட்டாலோ, எண்ணிக்கை மேலும் குறைந்த நிலையில் வாதத்தின் பாரம் இன்னும் கூடும். எப்படிப் பார்த்தாலும், அடுத்த பத்தாண்டுகளில் தமிழகம் தில்லிக்கு அனுப்பப்போகும் உறுப்பினர்களிடம் குரல்வளத்தைவிட அதிகமாகத் தேவைப்படப்போவது, ஒரு மசோதாவின் எந்த வரியில் எந்தச் சொல் மாற வேண்டும் என்று சொல்லத் தெரிவதே.